குளோனசெபம் குறைப்பு: 0.5 மி.கி.க்குக் கீழே எப்படி இறங்குவது?

#1 கால்மாத்திரை
சொந்தக் கதை வேண்டாம், கணக்கு மட்டும் கேட்கிறேன். இரவு 1 மி.கி. குளோனசெபம் (பதற்றத்துக்கும் வலிப்புக்கும் தரும் பென்சோடயசெபின் குடும்பத்து மருந்து), இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து எடுத்தது. வாரத்துக்குக் கால் மில்லிகிராம் வீதம் குறைத்து ஒரு மாதத்தில் நிறுத்துவது என்று திட்டம். 0.75 வரை தொந்தரவில்லை. 0.5க்கு வந்து சில நாளில் தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கி, காதில் இரைச்சல், தோலுக்கடியில் எறும்பு ஊர்வது மாதிரி. குறைத்த அன்றே வராமல் ஏன் தாமதமாக வருகிறது? இதற்குக் கீழே எந்த அளவில் இறங்குவது? வெட்டுவதா, கரைப்பதா?

#2 சிட்டை
தாமதத்துக்குக் காரணம் அரை ஆயுள். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. குளோனசெபத்துக்கு ஏறக்குறைய 30 முதல் 40 மணி. டோஸை மாற்றினால் ரத்த அளவு புதிய மட்டத்தில் நிலைகொள்ள ஐந்து அரை ஆயுள் பிடிக்கும். 40 × 5 = 200 மணி, எட்டு நாளுக்கு மேல். இதே குடும்பத்து அல்பிரசோலத்துக்கு அரை ஆயுள் சுமார் 11 மணிதான், இரண்டு மூன்று நாளில் உறைத்துவிடும். டயசெபமோ நேர்மாறு: அதுவும் நீண்ட நேரம் தங்கும், அது உடைந்து உண்டாகும் பொருள் இன்னும் நீண்ட நேரம் தங்கும். முழு விளைவு தெரிய மூன்று வாரம்கூட ஆகலாம்.

ஆக, வாரம் ஒருமுறை குளோனசெபத்தைக் குறைத்தால் முதல் குறைப்பு முழுதாக உறைக்கும் முன்பே அடுத்ததும் குறைந்துவிடுகிறது. 0.75 சுலபமாகப் போனதாகத் தோன்றியது அதனால்தான். 0.5இல் வந்தது இரண்டு குறைப்புக்கும் சேர்த்து, வட்டியும் முதலுமாக.

#3 மெல்லப்போ
சிட்டை சொன்னதோடு இன்னொரு கணக்கு. 1இல் இருந்து 0.75 என்பது 25%. 0.75இல் இருந்து 0.5 என்பது 33%. அடுத்து 0.25 என்றால் 50%. கடைசிக் கால் மில்லிகிராமை விட்டால் 100%. மாத்திரைத் துண்டு ஒரே அளவுதான், மூளை வாங்கும் அடி ஒவ்வொரு முறையும் பெரிசாகிட்டே போகுது. "கடைசியில்தான் கஷ்டம்"னு எல்லாரும் சொல்றதுக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குப் பிழை.

அதனால சதவீதத்தை எப்பவும் இப்போதைய டோஸுக்குத்தான் போடணும். 10% வீதம் போனா 1, 0.9, 0.81, 0.73, 0.66, 0.59, 0.53, 0.48. டோஸ் பாதியாக ஏழு படி. இரண்டு வாரத்துக்கு ஒரு படி என்றால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல. 5% என்றால் பாதியாகவே 13, 14 படி.

அமெரிக்க அடிமைநோய் மருத்துவச் சங்கமும் வேறு சில மருத்துவ அமைப்புகளும் 2025இல் வெளியிட்ட கூட்டு வழிகாட்டுதல் சொல்றதும் இதேதான்: தொடக்கத்தில் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10%, இரண்டு வாரத்துக்கு 25%க்கு மேல் போகவே கூடாது. வாரம் கால் மில்லிகிராம் என்பது அந்த உச்சவரம்பையும் தாண்டின வேகம். டாக்டரிடம் இந்த எண்களோடு போய்ப் பேசுங்க. "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்றதைவிட இது வேலை செய்யும்.

#4 கால்மாத்திரை
இப்போது 0.5இல் என்ன செய்வது? மேலே ஏறுவதா, அங்கேயே நிற்பதா?

#5 சிட்டை
தாங்கக்கூடிய அளவில் இருந்தால் நிற்கலாம். ரத்த அளவு நிலைகொண்டபின் இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும். தாங்க முடியாவிட்டால், தூக்கமே இல்லாமல் போனால், முந்தைய டோஸுக்கு (0.75) திரும்பி, அடங்கியபின் சிறிய படியில் இறங்குவது வழக்கமான வழி. இதை மருந்து எழுதுபவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஒருநாள் 0.75, மறுநாள் 0.5, பயந்தால் 1 என்று ஊசலாடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். ரத்த அளவு ஏறி இறங்கினால் எந்த மட்டத்துக்கும் உடம்பு பழகாது.

நிற்பதைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். படிக்கட்டில் மூச்சு வாங்க நிற்பவர் கீழே விழுந்தவர் ஆகமாட்டார்.

#6 வெள்ளிமணி
ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் தானாகவே பாதியாகிவிடாதா? வெட்டுவது, அளப்பது எதுவும் தேவையில்லையே.

#7 உரல்_உலக்கை
வேண்டவே வேண்டாம். வாரச் சராசரி பாதியாகும், சரிதான். ஆனால் மூளைக்குச் சராசரி தெரியாது, அந்த மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள அளவுதான் தெரியும். அல்பிரசோலம், லோரசெபம் போன்ற குறுகிய ஆயுள் மருந்தில் நாள் விட்டு நாள் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை திடீர் நிறுத்தம் என்று பொருள். அல்பிரசோலத்தில் காலை டோஸுக்கும் இரவு டோஸுக்கும் நடுவிலேயே படபடப்பு வருவதுண்டு. அதற்கு வழி, மொத்த அளவை மாற்றாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்து எடுப்பது. நீண்டநேர வெளியீட்டு மாத்திரை என்றால் உடைக்கவோ நசுக்கவோ கூடாது. சாதாரண மாத்திரைக்கு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இனி #1இல் கேட்ட வெட்டுவதா கரைப்பதா.

குளோனசெபம் சில நாடுகளில் 0.125, 0.25 மி.கி. அளவிலும் வருகிறது, வாயில் கரையும் வகையில். 0.125ஐப் பாதியாக்கினால் 0.0625. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.5இல் அந்தப் படி 12.5%, 0.25இல் 25%, 0.125க்கு வந்தால் 50%. ஆக 0.25 வரை மாத்திரை போதும், அதற்குக் கீழே திரவம் வேண்டும். வாயில் கரையும் மாத்திரை பொரிபோல நொறுங்கும், வெட்டத் தோதானதல்ல என்பது இன்னொரு இடைஞ்சல்.

திரவத்தில் பாட்டிலின் செறிவைப் படிக்காமல் கை வைக்கவே கூடாது. 5 மி.லி.யில் 0.5 மி.கி. உள்ள குளோனசெபம் இருக்கிறது, 5 மி.லி.யில் 2 மி.கி. உள்ளதும் இருக்கிறது. 1 மி.லி.யில் 2.5 மி.கி. உள்ள துளி மருந்தும் உண்டு, அதில் ஒரு துளியே 0.1 மி.கி. கடைசிக்கட்டக் குறைப்புக்கு அந்தத் துளி மிகப் பெரிது. முதல் வகை வசதி: 1 மி.லி. = 0.1 மி.கி. ஊசியில்லாத 1 மி.லி. வாய்வழி சிரிஞ்சில் 0.05 மி.லி. வரை நிதானமாக அளக்கலாம், அதாவது 0.005 மி.கி. டயசெபத்திலும் இதே வலை: 5 மி.லி.க்கு 2 மி.கி., 1 மி.லி.க்கு 1 மி.கி., 1 மி.லி.க்கு 5 மி.கி. என மூன்று செறிவுகள் உண்டு. முதலாவதுக்கும் கடைசிக்கும் 12.5 மடங்கு வித்தியாசம். டோஸை எப்போதும் மில்லிகிராமில் எழுதுங்கள். மில்லிலிட்டரில் மட்டும் எழுதிவைத்தால், பாட்டில் மாறும் நாளில் விபத்து.

#8 வெள்ளிமணி
வீட்டில் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்தால்?

#9 உரல்_உலக்கை
கரையாது. இந்தக் குடும்பத்து மருந்துகள் பெரும்பாலும் தண்ணீரில் கரைவதில்லை. நீங்கள் பார்ப்பது மிதக்கும் தூள், கொஞ்ச நேரத்தில் அடியில் தங்கும். மேலே உறிஞ்சினால் குறைவு, அடியில் உறிஞ்சினால் அதிகம். இன்று 8%, நாளை 20% என்று தெரியாமலே குறைத்துக்கொண்டிருப்பீர்கள். மருந்தாளுநர் கூடத்தில் தயாரிக்கும் தொங்கல் திரவத்தில் தூள் அடங்காமல் இருக்கக் கெட்டிப்படுத்தும் பொருள் சேர்த்திருப்பார்கள், கெடு தேதியும் போட்டுத் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சாராயத்தில் கரைக்கும் யோசனைகள் சுற்றுகின்றன. மதுவும் இந்த மருந்தும் ஒரே பக்கம் மூச்சை அழுத்துபவை, அந்தப் பக்கமே போகாதீர்கள்.

திரவம் கிடைக்காவிட்டால் நுண் தராசு. பத்து மாத்திரையைச் சேர்த்து நிறுத்துச் சராசரி எடுங்கள். மாத்திரை ஒன்று 170 மி.கி. எடை என்று வைத்தால் 10% குறைப்பு என்பது 17 மி.கி. தூளைச் சுரண்டி எடுப்பது, மிச்சம் 153. மலிவான தராசு முன்னே பின்னே 3 மி.கி. தவறினால் அது டோஸில் 2% பிழைதான், பொறுத்துக்கொள்ளலாம். காற்றாடியை நிறுத்துங்கள், தராசைத் தினமும் எடைக்கல் வைத்துச் சரிபாருங்கள்.

#10 மெல்லப்போ
தினமும் நூலிழை அளவு குறைக்கிறதா, குறைச்சு நின்னு குறைக்கிறதா என்று இங்க ஒரு பெரிய சண்டையே நடக்கும். என் பார்வையில் யாருக்கு எது கைக்கு அடங்குதோ அது. தினக் குறைப்பில் ஒரே நாளில் பெரிய அடி கிடையாது, சரி. ஆனா அறிகுறி வந்துட்டா எந்தக் குறைப்பால வந்ததுன்னு கண்டுபிடிக்க முடியாது, நிக்க வேண்டிய இடம் தெரியாம மேலும் பத்து நாள் இறங்கிடுவாங்க. நின்னு குறைக்கிறதில் அடி கொஞ்சம் பெரிசு, ஆனா எது எதனாலன்னு தெளிவாத் தெரியும். எண்ணிப் பார்த்துப் பயப்படுற சுபாவம் உள்ளவங்களுக்குத் தினம் சிரிஞ்சோட மல்லுக்கட்டுறதே ஒரு நோயாயிடும்.

#11 பின்னிரவு
யாருமே டயசெபத்துக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசவில்லையே. மெல்ல வெளியேறும் மருந்து, திரவமும் சிறிய மாத்திரையும் கிடைக்கும். அதுதானே சிறந்த வழி?

#12 சிட்டை
அல்பிரசோலம், லோரசெபம் எடுப்பவருக்கு நல்ல காரணம் உண்டு. குளோனசெபத்துக்கு அவ்வளவு அவசியமில்லை, அதுவே நீண்டது. வயதானவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் டயசெபம் உடலில் தேங்கிக்கொண்டே போகும்: பகல் மயக்கம், தள்ளாட்டம், விழுந்து இடுப்பெலும்பு முறிவு. அங்கே லோரசெபம் போன்றது ஈரலுக்குச் சுமை குறைவு.

மாற்றுவதில் தடுமாறும் இடம் சமன் அட்டவணை. 10 மி.கி. டயசெபத்துக்கு 0.5 மி.கி. அல்பிரசோலம், 1 மி.கி. லோரசெபம், 0.5 மி.கி. குளோனசெபம் என்று ஓர் அட்டவணை சொல்லும். வேறொன்றைப் பார்த்தால் கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபடும். எனவே ஒரே இரவில் முழுதும் மாற்றக்கூடாது. இரவு டோஸை முதலில் மாற்றி, ஒரு வாரம் பார்த்து, பிறகு அடுத்த வேளை. மாற்றி முடிந்த கையோடு குறைக்கவும் ஆரம்பிக்கக்கூடாது. டயசெபம் தேங்கி நிலைகொள்ள வாரங்கள் ஆகும். முதல் வாரம் போதவில்லை என்று தோன்றிக் கூட்டினால் மூன்றாம் வாரம் தூங்கி வழிவார்கள்.

#13 கால்மாத்திரை
இது பழைய பதற்றம் திரும்பி வந்ததா, வித்ட்ராயலா (மருந்து குறைவதால் வரும் எதிர்வினை) என்று எப்படிப் பிரிப்பது? "பார்த்தீங்களா, மருந்து இல்லாம முடியாது உங்களுக்கு" என்ற பதில்தான் கிடைக்கிறது.

#14 நந்தியாவட்டை
இரண்டு கேள்வி கேளுங்கள். முன்பு இல்லாதது எது? எப்போது வந்தது?

பதற்றநோயில் கவலை, படபடப்பு, தூக்கக் குறைவு எல்லாம் உண்டு. ஆனால் சாதாரண வெளிச்சம் கண்ணைக் குத்துவது, தட்டு வைக்கும் சத்தம் தலைக்குள் இறங்குவது, வாயில் உலோகச் சுவை, தசைத்துடிப்பு, தரை அசைவதுபோலத் தோன்றுவது, தோல் ஊர்வது: இவை புதிதாக முளைத்து, குறைப்புக்குப் பின் குறிப்பிட்ட நாளில் ஏறி, நின்றால் தணிகின்றன என்றால் வித்ட்ராயலின் கையெழுத்து. பழைய நோய் திரும்பினால் பெரும்பாலும் அப்படிப் படிப்படியாகத் தணியாது, நீடிக்கவோ கூடவோ செய்யும்.

காரணம் சுருக்கமாக: மருந்து மூளையின் காபா என்ற பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்தது. மூளை பதிலுக்கு பிரேக்கைத் தளர்த்தி, குளூட்டமேட் என்ற ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிவைத்தது. மருந்தை எடுத்தால் தளர்ந்த பிரேக், அழுத்திய ஆக்ஸிலரேட்டர். திருத்திக்கொள்ள மூளைக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் வேண்டும். ஆகவே அலை அலையாக வரும். நான்கு நல்ல நாள், ஒரு கெட்ட நாள். கெட்ட நாளைப் பார்த்துத் திட்டத்தை மாற்றாதீர்கள், வாரத்தைப் பாருங்கள்.

விரலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது மட்டும் வேறு வகையாகவும் வரும். வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து அதே மரத்தல் வரும். ஐந்து நிமிடம் மூக்கால் நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். குறைந்தால் மூச்சின் வேலை. குறிப்பேட்டில் மருந்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

குறிப்பேடும் அளவோடு: தேதி, டோஸ், எடுத்த நேரம், தூங்கிய மணி, மிகத் தொல்லை தரும் மூன்று அறிகுறிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். இரவு ஒரே முறை. மணிக்கொரு தரம் நாடி பிடித்து எழுதுகிறவர்களுக்கு நாடி ஏறிக்கொண்டேதான் போகும்.

#15 பின்னிரவு
தூக்கத்துக்கு? மூன்று மணி நேரத் தூக்கத்தில் மற்றதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய்.

#16 நந்தியாவட்டை
எழும் நேரத்தை நிலையாக்குங்கள், படுக்கும் நேரத்தை அல்ல. எவ்வளவு மோசமான இரவானாலும் அதே நேரம் எழுந்து வெளிச்சத்தில் நில்லுங்கள். இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறையில் மங்கிய விளக்கில் உட்காருங்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் அடிப்படை இதுதான், குறைப்பு தொடங்கும் முன்பே கற்றுக்கொண்டால் உத்தமம்.

அதே சிகிச்சையில் படுக்கை நேரத்தைக் கடுமையாகச் சுருக்கும் பகுதி ஒன்று உண்டு. குறைப்பின் நடுவே அதைத் தானாகச் செய்யாதீர்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு எளிதில் வரும். வலிப்பு வரலாறு உள்ளவருக்கு அது நெருப்போடு விளையாட்டு.

காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். முழுதும் நிறுத்துவதானால் டோஸ் குறைத்த வாரத்தில் வேண்டாம், காபி விட்ட தலைவலியையும் மருந்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். ஒரு வாரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரையை இடையில் சேர்த்தால் மூளையில் இந்த மருந்து ஒட்டும் அதே ஏற்பியில் வேறு சாவியைச் செருகுவதுதான். வலேரியன், காவா மூலிகைக்கும் இதே பேச்சு.

#17 மெல்லப்போ
துணைக்குக் கொடுக்கும் மருந்து பற்றி: நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் புரோபிரனலால் எழுதுவாங்க. கை நடுக்கம் அடங்கும், ஆனா வலிப்பைத் தடுக்காது. "நடுக்கமே இல்ல, வேகமாக் குறைக்கலாம்"னு அதை நம்பி இறங்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவங்களுக்கு ஆகாது. பிரிகாபலின் சிலருக்கு உதவும், அதுக்கே பிறகு ஒரு குறைப்புத் திட்டம் தேவைப்படலாம். கடனை அடைக்கக் கடன்.

#18 உரல்_உலக்கை
டோஸைத் தொடாமலே ரத்த அளவை மாற்றிவிடும் மருந்துகளையும் பாருங்கள், நிறையப் பேர் மாட்டுவது இங்கேதான். அல்பிரசோலம் எடுக்கும்போது கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல், இட்ராகோனசோல் சேர்ந்தால் அளவு ஏறி மயக்கும். அந்தப் பூஞ்சை மருந்துகள் இரண்டையும் அதோடு சேர்க்கவே கூடாது. சேர்த்த மருந்தின் கோர்ஸ் முடிந்ததும் அளவு சடாரென்று இறங்கும், காரணமில்லாமல் வித்ட்ராயல் வந்ததுபோல் இருக்கும். கார்பமாசிபைன், ரிஃபாம்பிசின் நேர்மாறு: கல்லீரல் மருந்தை வேகமாக உடைத்துத் தள்ளும். டயசெபத்தோடு ஒமிப்ரசோல் சேர்ந்தால் அளவு ஏறும்.

வலிப்பு எளிதில் வரச் செய்பவை: டிரமடால், புப்ரோபியன், சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக். வலிக்கோ காய்ச்சலுக்கோ வேறு டாக்டரிடம் போனால் குறைப்பில் இருப்பதை முதல் வரியில் சொல்லுங்கள். ஓபியாய்டு வலிநிவாரணியோடு சேர்ந்தால் மூச்சு நிற்கும் அபாயம்.

அறுவை சிகிச்சை, பல் சிகிச்சை என்றாலும் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவில் ஃபுளூமசெனில் என்ற முறிமருந்து, நெடுநாள் எடுத்தவருக்கு வலிப்பையே வரவழைக்கலாம். பர்ஸில் ஒரு சீட்டு: மருந்தின் பெயர், இன்றைய டோஸ், "குறைப்பில் இருக்கிறார்".

#19 சிட்டை
வீட்டில் செய்யவே கூடாதவர்கள் பட்டியல் குறுகியது, ஆனால் விட்டுவிட முடியாதது. முன்பு வலிப்போ, நிறுத்தும்போது சித்தப்பிரமையோ வந்தவர், கூடவே மது அல்லது ஓபியாய்டு எடுப்பவர், மிக அதிக டோஸ், கர்ப்பிணி, மருந்துக்கடைக்கு வெளியே வாங்கிய மாத்திரையால் உண்மை டோஸே தெரியாதவர். இவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பு. திடீர் நிறுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020இல் இந்த மருந்துக் குடும்பம் முழுவதற்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கையைத் திருத்தி, தவறான பயன்பாடு, அடிமைத்தனம், உடல் சார்பு, வித்ட்ராயல் எல்லாவற்றையும் அதில் சேர்த்தது.

வலிப்பு, குழப்பம், இல்லாததைப் பார்ப்பது கேட்பது, காய்ச்சலோடு கடும் வியர்வை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்: இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவு. வலிப்பில் பக்கவாட்டில் படுக்கவைத்து, தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். எத்தனை நிமிடம் என்று பாருங்கள். முதல் வலிப்பே ஆம்புலன்ஸுக்குப் போதும், ஐந்து நிமிடத்தைத் தாண்டுவது மேலும் ஆபத்து.

#20 வெள்ளிமணி
வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? மாத்திரையைப் பூட்டி வைப்பது சரியா?

#21 நந்தியாவட்டை
எடுப்பவரே கேட்டுக்கொண்டால் சரி. ஒளித்துவைத்தால், மாத்திரை எங்கே என்ற பதற்றமே ஒரு டோஸ் வேலை செய்யும். ஏழு நாள் டப்பாவில் வாரத்துக்கு நிரப்பிக் கொடுப்பது நடுவழி. "இன்னும் முடியலையா" என்று கேட்காதிருப்பது பெரிய உதவி.

#22 கால்மாத்திரை
அப்படியானால் திட்டம்: 0.5இல் நிற்பது, தணியாவிட்டால் 0.75 பற்றிக் கேட்பது. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10%, 0.25க்குக் கீழே 5 மி.லி.க்கு 0.5 மி.கி. திரவம். எங்கே முடிப்பது? 10% என்றால் பூஜ்யம் வரவே வராதே.

#23 மெல்லப்போ
சரியாப் பிடிச்சீங்க. 0.06 சுற்றி வந்தபிறகு, அதாவது 1 மி.கி.யில் பதினாறில் ஒரு பங்கு, சிலர் அங்கிருந்தே நிறுத்துவாங்க, சிலர் 0.02 வரை போவாங்க. 10% வேகத்தில் 0.06க்கு வரவே 26, 27 படி, ஒரு வருஷத்துக்கு ஒட்டி. உங்களுக்கு அதில் ஏழு படி, ஏறக்குறையக் கால்வாசித் தூரம் முன்னாடியே முடிஞ்சிருக்கு. எங்கே விடுவதுன்னு அப்போதைய தூக்கத்தைப் பார்த்து டாக்டரோட முடிவு பண்ணுங்க.

#24 உரல்_உலக்கை
முடிந்தபின் மிச்ச மாத்திரையை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்து ஒரு கெட்ட இரவில் பழைய 1 மி.கி.யை எடுத்தால், பழக்கம் போன உடம்புக்கு அது பழைய 1 மி.கி. அல்ல. கூடவே மது இருந்தால் இன்னும் மோசம். சிரிஞ்சைப் பற்றி ஒரு வரி விட்டுப்போச்சு: ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைத்து, கோடு அழிந்ததும் புதிது மாற்றுங்கள். அழிந்த கோட்டை உத்தேசமாகப் படிப்பதில் 10% சுலபமாகப் போய்விடும்.